டிஸ்க்கைவிடப் பெரிய ஃபைல்

நாற்பது ஜிபி டிஸ்க்குக்குள் அறுபத்து நாலு ஜிபி ஃபைல் ஒன்று உட்கார்ந்திருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். அறுபத்து நாலுதான். டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று கேட்டதற்கு, முப்பது ஜிபி காலியாகக் கிடக்கிறது என்று அதே கம்ப்யூட்டர் கூசாமல் சொன்னது. பதினெட்டு வருஷமாக இந்தத் தொழிலில்தான் சோறு தின்கிறேன். கூட்டல் கழித்தலில் இப்படி முழித்ததில்லை.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் கன்டெய்னர்களை அடுக்கிவைக்கும் ஒரு தனியார் யார்டு. அதன் வாசலில் ஓர் எடை மேடை. கன்டெய்னர் டிரெய்லர்களும் பக்கத்து உப்பளங்களிலிருந்து வரும் லாரிகளும் அதில் ஏறி நின்று எடை போட்டுக்கொண்டு போகும். மேடையை ஒட்டிய சின்ன அறையில் ஒரு ஜன்னல், ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் ஒரு அக்கா. லாரி ஏறியதும் அக்கா வண்டி நம்பரை அடிப்பார். எடை திரையில் ஓடும். அவர் என்டரைத் தட்டியதும் அந்த எடை பதிவாகிச் சீட்டு அச்சாகி வரும். பழைய புரோகிராமை எடுத்துவிட்டு, மூன்று வாரத்துக்கு முன் இந்தக் காரியத்துக்குப் புதிதாக ஒன்றை எழுதிப் போட்டவன் நான்.

அது போட்ட நாளிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள், ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்து நின்றுபோய்க்கொண்டிருந்தது. அப்படி விழும்போதெல்லாம், அந்த நொடியில் புரோகிராமின் மெமரியில் என்னென்ன இருந்ததோ அத்தனையையும் கம்ப்யூட்டர் ஒரு ஃபைலில் கொட்டிவைக்கும். டம்ப் என்போம். விபத்து நடந்த இடத்தை போலீஸ்காரர்கள் போட்டோ எடுத்து வைப்பார்களே, அந்த மாதிரி. அதைப் படித்தால் தப்பு யார் பேரில் என்று தெரிந்துவிடும். ஆனால் எங்கள் டம்பை எழுதி முடிக்கவே கால் மணி நேரம் ஆனது. அதுவரை மேடை ஓடாது. லாரிகள் சாலை வரைக்கும் நிற்கும், டிரைவர்கள் ஹாரனில் கையை வைத்தால் எடுக்க மாட்டார்கள்.

என் தலைவலி இதுவென்றால் அக்காவின் தலைவலி வேறு. விழுந்தது அத்தனையும் அவருடைய காலை ஷிப்டில். சாயங்கால ஷிப்டில் உட்காரும் ஆளிடம் ஒருமுறைகூட விழவில்லை.

யார்டு மேனேஜர் உடன்குடிப் பக்கத்துக்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. கெட்ட மனிதர் இல்லை, ஆனால் ஒரு விஷயத்தை மூன்று தடவைக்கு மேல் கேட்க மாட்டார்.

"தம்பி, மெஷினு ஒண்ணு, புரோகிராம் ஒண்ணு. சாயங்காலம் ஓடுது, காலையில விழுது. அப்ப ஆளுலதான கோளாறு?" என்றார் அந்தத் திங்கட்கிழமை. "சனிக்கிழமைக்குள்ள ஒரு பதில் சொல்லுங்க. இல்லன்னா அந்தம்மாவ உள்ள டாலிக்கு அனுப்பிட்டு இங்கன வேற ஆளப் போடுதேன்."

டாலி என்றால், வெயிலில் கன்டெய்னர்களுக்கு நடுவே காகிதமும் பேனாவுமாக நாள் முழுக்க நடந்து நம்பர் குறிப்பது. அக்காவுக்கு இடதுகால் சின்ன வயதிலேயே சூம்பிவிட்டது. கம்பு ஊன்றித்தான் நடப்பார். அண்ணாச்சி டாலி என்று சொன்னதற்கு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றுதான் அர்த்தம். அது எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். "எனக்கு இந்த நாற்காலி ஒண்ணுதான் சார்," என்றார். மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்த மாதா படம் கொஞ்சம் கோணலாக இருந்தது. அதை நேராக்கிவிட்டு அடுத்த லாரியைப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் விழுந்தபோதுதான் நான் சொன்ன அந்த ஃபைல் வந்து உட்கார்ந்தது. அதற்கு முந்தையவையும் அதே அளவில் கிடந்தன. எனக்கு டம்ப் படிக்கத் தெரியாது. எங்கள் சென்னை ஆபீஸில் இருக்கும் சிநேகிதிக்குத்தான் தெரியும். அவளுக்கு இதை எப்படி அனுப்புவது? பென் டிரைவில் போட்டேன். நிரம்பி நின்றுவிட்டது. இன்னொன்று வாங்கி வந்தேன், அதுவும் நிரம்பியது. பென் டிரைவ் விற்ற கடைக்காரரைச் சந்தேகப்பட்டேன். ஜிப் செய்து சுருக்கலாம் என்று ஆரம்பித்தேன். கிழட்டு மெஷின், அதற்கே மூச்சு வாங்கி எடை திரையில் நகரவில்லை. வெளியே நான்கு டிரெய்லர் சேர்ந்ததும் அண்ணாச்சி கண்ணாடிக் கதவைத் தட்டி, "நோயாளியக் குணமாக்கச் சொன்னா நீங்க அவனுக்குச் சோறு போடாம வச்சிருக்கீங்க," என்றார். ஜிப்பை நிறுத்தினேன்.

புதன்கிழமை சிநேகிதிக்குப் போன் செய்தேன். நாசரேத்துக்காரி. என்னுடன் படித்தவள். சென்னைக்குப் போய் இத்தனை வருஷமாகியும் என்னிடம் பேசும்போது மட்டும் ஊர்ப்பேச்சு வந்துவிடும்.

"புரோகிராம் ஆரம்பிக்கும்போதே எவ்வளவு மெமரி கேட்டு வச்சிருக்க?"

"அறுபத்து நாலு ஜிபி."

"மெஷின்ல எவ்வளவு இருக்கு?"

"எட்டு."

"ஏலே, உனக்கு எதுக்குலே அவ்வளவு?"

காரணம் இருந்தது. பழைய புரோகிராம் ஒருமுறை மெமரி கிடைக்காமல் செத்துப்போயிருக்கிறது. பக்கத்தில் ஓடிய வேறொரு புரோகிராம் இருந்ததையெல்லாம் தின்றுவிட்டது. அந்த ஆத்திரத்தில், இனி எவனிடமும் கேட்டு நிற்கக் கூடாது என்று, வருஷம் முழுக்க வரப்போகும் லாரிகள் அத்தனைக்கும் காலையிலேயே இடம் பிடித்துப் போட்டுவிட்டேன். லாரிக்கு ஓர் அறை, எல்லா அறையும் ஒரே அளவு, வரிசையாக. அந்த லாரி மேடையில் நிற்கும் நேரம் வரும் எடைகளெல்லாம் அந்த அறையில் விழும். அப்படி எழுதி முடித்த அன்று எனக்கு என் மேலேயே மரியாதை வந்தது.

"திருச்செந்தூர் பஸ்ஸுக்குத் துண்டு போட்ட புத்தி எங்க போகும்," என்றாள். திருவிழா நாளில் பஸ் நிலையத்துக்குள் நுழையும்போதே ஜன்னல் வழியாகத் துண்டு, கைக்குட்டை, குடை என்று போட்டு எங்கள் குடும்பமே இடம் பிடிக்கும். பத்துப் பேருக்கு இருபது சீட். "நீ கேட்ட உடனே சிஸ்டம் உனக்கு மெமரி குடுத்துடல. துண்டு போட மட்டும் விட்டிருக்கு. ஆளு வந்து உக்காந்தாத்தான் சீட்டே குடுக்கும். புரோகிராம் விழுந்ததும் போட்டோ எடுக்குதுல்ல, அப்ப துண்டு கெடக்குற சீட்டையும் சேத்து எண்ணிருது. அதான் அறுபத்து நாலு. காலி சீட்டுக்கு டிஸ்க்குல ஒண்ணும் எழுதாது. அதான் முப்பது மிச்சம். நீ பென் டிரைவுல போட்டா அது பாவம், காலி சீட்டுக்கெல்லாம் ஒரு பூஜ்யம் எழுதிட்டு வருது. பொறவு நிரம்பாம என்ன செய்யும்?"

புரிந்த மாதிரி 'ம்' என்றேன். உண்மையில் பாதிதான் புரிந்தது. இல்லாத மெமரியை நான் கேட்டிருக்கிறேன், அது தருகிறேன் என்று சொல்லியிருக்கிறது, தரவில்லை, ஆனால் தந்ததாக எண்ணிக்கை வைத்திருக்கிறது. இதில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. கடைசியில் அவள் சொன்னதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இந்த இடத்தை டம்பில் சேர்க்காதே என்று சிஸ்டத்திடம் முன்கூட்டியே சொல்லிவைக்க ஒரு வரி இருக்கிறது. அதைப் போட்டால் டம்ப் சின்னதாகிவிடும்.

போட்டேன். எனக்கு எதையும் பாதியாகச் செய்து பழக்கமில்லை. பிடித்து வைத்த அறுபத்து நாலுக்கும் சேர்த்துப் போட்டேன். பழைய பெரிய டம்புகளைப் பார்க்கவே எரிச்சலாக இருந்ததால், சனியன் ஒழியட்டும் என்று எல்லாவற்றையும் அழித்தேன்.

வியாழக்கிழமை பத்து மணிவாக்கில் விழுந்தது. டம்ப் கண் மூடித் திறப்பதற்குள் எழுதி முடிந்தது. அளவு ஆறு எம்பி. அறுபத்து நாலு ஜிபியை ஆறு எம்பி ஆக்கியிருக்கிறேன். எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். சிநேகிதிக்கு மெயிலில் அனுப்பியபோது அது போய்ச் சேர்ந்த வேகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது.

அரை மணியில் கூப்பிட்டாள். "வண்டி நம்பர எடுக்குற எடத்துல விழுது. நம்பர் இருக்க வேண்டிய எடத்துக்குப் போனா குப்பையில கொண்டு விடுது. அந்தக்கா என்னத்த அடிச்சாங்க? முழுசாப் பாத்துட்டு மத்ததச் சொல்லுதேன்."

அந்த 'முழுசா' என்ற சொல்லை நான் கேட்டுக்கொள்ளவில்லை. நேரே அண்ணாச்சியிடம் போனேன். வண்டி நம்பர் இடத்தில் விழுகிறது என்று தெரிந்துவிட்டது என்றேன். யார் தப்பு என்று நான் சொல்லவில்லை என்று அப்புறம் பல தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அண்ணாச்சிக்கு அதைச் சொல்ல வேண்டியதே இல்லை. நம்பரை அடிக்கிறவர் ஒருவர்தானே.

அக்காவிடமும் கேட்டேன். "நம்பர் அடிக்கும்போது வேற ஏதாவது கீ சேந்து அமுங்குதா அக்கா?"

"எட்டு வருஷமா அடிக்கேன் சார்," என்றார். மத்தியானம் வரை ஒவ்வொரு நம்பரையும் ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாக, வாய்க்குள் சொல்லிச் சொல்லி அடித்தார்.

மூன்று மணிக்கு மறுபடி போன். "ஏலே, இதுல லாரியே இல்லையே. ஒரு லாரியோட அறையும் இல்ல. நீ டம்பக் கொறச்சியா, இல்ல லாரியெல்லாத்தையும் தூக்கி வெளிய போட்டுட்டியா?"

சேர்க்க வேண்டாம் என்று நான் சொன்ன இடத்துக்குள்தானே லாரிகளும் இருந்தன. காலி சீட்டை விடச் சொன்னால் ஆள் உட்கார்ந்திருந்த சீட்டையும் சேர்த்து விட்டிருக்கிறேன். அந்தக் குப்பையை அங்கே கொண்டுபோய்ப் போட்டது யார் என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் இருந்த இடத்தை நானே வெட்டி எறிந்திருந்தேன். வெட்டாத பழைய டம்புகளையும் நானே அழித்திருந்தேன். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அண்ணாச்சியிடம் ஓடி, காலையில் சொன்னது முழுக்கச் சரியில்லை, இன்னும் தெரியவில்லை என்றேன்.

"காலையில ஒண்ணு சொல்லுதீங்க, சாயங்காலம் ஒண்ணு சொல்லுதீங்க," என்றார். "நாளும் ரெண்டுதான் இருக்கு தம்பி."

அன்றைக்கே வரியை மாற்றினேன். துண்டு மட்டும் கிடக்கும் அறைகளை டம்பில் சேர்க்காதே. லாரி வந்து உட்கார்ந்ததும் அந்த அறையையும், பக்கத்தில் அடுத்து நிரம்பப் போகும் அறையையும் சேர்த்துக்கொள். இவ்வளவுதான். இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

இனி வேண்டியது ஒன்றே ஒன்று. புரோகிராம் விழ வேண்டும். வெள்ளிக்கிழமை காலை முழுக்க அந்த அறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அது விழுவதற்காக வேண்டிக்கொண்டிருந்தேன். மூன்று வாரம் எதற்குப் பயந்தேனோ அதையே. விழவில்லை. உப்பு லாரிகள் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும், அன்றைக்கு டிரெய்லர்கள் மட்டும்தான் வந்தன. அது எனக்கு உறைக்கவே இல்லை. இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து எழுந்தபோது அக்காவின் முகம் தெளிந்திருந்தது. "இன்னைக்கு விழலையே சார்," என்றார் சந்தோஷமாக. எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. "நல்லது அக்கா," என்றேன்.

சனிக்கிழமை எட்டரைக்கு முதல் உப்பு லாரி ஏறியது. அக்கா நம்பரை அடித்தார். எடை ஓடி ஓடி ஓர் இடத்துக்கு வந்தது. அவர் என்டரைத் தட்டவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே லாரியின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். எனக்குப் பொறுமை கிடையாது.

"அடிங்க அக்கா. எடைதான் வந்துட்டுல்லா."

"சொட்டுது பாருங்க சார்."

பார்த்தேன். லாரியின் பின்கதவு இடுக்கிலிருந்து உப்புத் தண்ணீர் கம்பியாக ஒழுகி, மேடையின் ஓரத்துக்கு ஓடி வெளியே விழுந்துகொண்டிருந்தது. திரையில் கடைசி எண் ஒன்றொன்றாகக் குறைந்துகொண்டே வந்தது.

"ஈர உப்பு. ஏறுன உடனே அடிச்சா தண்ணிக்கும் சேத்து விழும். ஓட்டம் நின்னாத்தான் உப்போட எடை," என்றார். "தண்ணிக்கு நான் சீட்டு போட மாட்டேன் சார்."

"சாயங்கால ஷிப்ட்ல?"

"அவங்க ஏறுன உடனே தட்டிருவாங்க. எனக்கு மனசு கேக்காது."

பத்து நிமிஷத்துக்கு மேல் அந்த லாரி நின்றது. ஒழுகல் சொட்டாகி, சொட்டும் நின்று, எண்ணும் அசையாமல் நின்றதும் என்டரைத் தட்டிச் சீட்டைக் கிழித்து ஜன்னல் வழியே நீட்டினார். அடுத்த லாரி ஏறியது. நம்பரை அதே ஒற்றை விரலால் அடித்தார். திரை கறுத்தது.

அவர் கை கீபோர்டிலிருந்து துள்ளி விலகியது. "நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க சார். நான் ஒண்ணும் செய்யல." எனக்கோ சந்தோஷம். அவர் பயந்துபோயிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து நான் சந்தோஷப்பட்டதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. டம்ப் நாற்பது எம்பி. அனுப்பினேன்.

"விழுந்த லாரிய விடு," என்றாள் சிநேகிதி. "அதுக்கு முந்துனது. அது எவ்வளவு நேரம் நின்னுச்சு?"

"பத்து நிமிஷம்."

"ஒரு அறையில எத்தன நிமிஷத்து எடைக்கு எடம் வச்சிருக்க?"

"ரெண்டு நிமிஷம்."

"அறை நெறஞ்சதும் மிச்சமெல்லாம் அடுத்த அறையில போய் உக்காந்திருக்கு. அடுத்த லாரியோட நம்பர் இருக்க வேண்டிய எடம் முழுக்க இந்த லாரியோட எடையா கெடக்கு. ரெண்டு நிமிஷம்னு உனக்கு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. புரோகிராம் எழுதுவதற்கு முன் ஒரு மத்தியானம் கையில் டீயோடு மேடைக்கு எதிரே நின்று பார்த்தேன். அன்றைக்கு வந்தது எல்லாம் டிரெய்லர்கள். ஏறின, இறங்கின. ஒன்றும் சொட்டவில்லை.

மூன்று வாரத்து விஷயம் ஒரு நிமிஷத்தில் நேராகிவிட்டது. ஆனால் அதை அண்ணாச்சிக்குச் சொல்லப் போனால் மறுபடி கோணியது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அந்தம்மா லாரிய நிப்பாட்டி வச்சதாலதான விழுந்திருக்கு?" என்றார்.

"இல்ல அண்ணாச்சி. நான் எடம் கம்மியா வச்சதால. தப்பு என் பேருலதான்."

"அறுபத்து நாலு வச்சிருக்கேன்னு நீங்கதான சொன்னீங்க? மெஷின்ல இருக்கதே எட்டுன்னீங்க. பொறவு எப்படிக் கம்மியாகும்?"

வருஷத்து லாரிகளுக்கெல்லாம் இடம் பிடித்தவன் ஒரு லாரிக்குப் போதுமான இடம் வைக்கவில்லை. இது எனக்கே அப்போதுதான் இப்படித் தெரிந்தது. தப்பு என்னுடையது, அக்காவுடையது இல்லை என்பதை மட்டும் இன்னும் இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவையில் அவர் கையை உயர்த்தினார். "சரி, சரி. அந்தம்மா அங்கனயே இருக்கட்டும்."

இருந்தார். அன்று சாயங்காலமே அறைக்கான அளவைப் பெரிதாக்கினேன். நிறைந்தால் பழைய எடையை விட்டுவிட்டுப் புதியதை மட்டும் வைத்துக்கொள்ளும்படி மாற்றினேன். அறுபத்து நாலைத் தூக்கி எறிந்துவிட்டு, லாரி வர வரக் கேட்டுக்கொள்ளும்படி எழுதினேன். இனி ஒரு லாரி நாள் முழுக்க நின்றாலும் ஒன்றும் ஆகாது என்று அக்காவிடம் போய்ச் சொன்னேன். "நீங்க எப்பவும் போல நிதானமாப் போடுங்க அக்கா. தப்பு என்னோடது." அவர் சிரித்து, "சரி சார்," என்றார்.

ஒரு மாதம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். அதுவரை ஒருமுறைகூட விழவில்லை என்று அண்ணாச்சி டீ வாங்கிக் கொடுத்தார். கையில் டீயோடு எடை அறைக்குள் எட்டிப் பார்த்தேன். உப்பு லாரி ஒன்று மேடையேறிக்கொண்டிருந்தது. பின்கதவிலிருந்து தண்ணீர் கம்பியாக ஒழுகிக்கொண்டிருந்தது. பின்சக்கரம் மேடையில் சரியாக நின்றதோ இல்லையோ, அக்கா நம்பரை அடித்து என்டரைத் தட்டினார். சீட்டு வந்தது.

நான் செய்த மாற்றத்தால் விழாமல் ஓடுகிறதா, அல்லது யாரும் இப்போது காத்திருப்பதில்லை என்பதால் ஓடுகிறதா? அங்கே நின்றபடி யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லும் டம்ப் எதுவும் இல்லை.

"அக்கா, சொட்டுதே," என்றேன்.

அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "சொட்டட்டும் சார். எனக்கு இந்த நாற்காலி வேணும்," என்றார்.

அடுத்த லாரி ஏறியது. அக்கா நம்பரை அடித்தார்.